பந்தய ரேடியோ: காசு மில்லிவிநாடிக்கா, பெட்டியின் மேல் உள்ள பெயருக்கா?

புதுச்சக்கரம்:
வணக்கம் நண்பர்களே. 1/10 அளவில் ரிமோட் கன்ட்ரோல் கார்கள் ஓட்டுகிறேன்: சமதள ட்ராக்குக்கு ஒரு டூரிங் கார், மேடு பள்ளத்துக்கு ஒரு பக்கி, இரண்டும் பிரஷ்லெஸ் மின்மோட்டார். இதுவரை காரோடு பெட்டியில் வந்த ரேடியோவே (கையில் பிடித்துக் காரை ஓட்டும் கருவி) கைவசம். கிளப் பந்தயத்தில் கடைசி வரிசையிலிருந்து நடு வரிசைக்கு வந்துவிட்டேன், அதன் பிறகு பிட்டில் யாரைக் கேட்டாலும் "முதலில் அந்த ரேடியோவைத் தூக்கிப் போடு" என்கிறார்கள். ஒருவர் சான்வா எம்17 என்கிறார், ஒருவர் ஃப்யூடாபா 7பிஎக்ஸ், இன்னொருவர் ஃப்ளைஸ்கை நோபிள் போதும், மிச்சக் காசுக்கு டயர் வாங்கு என்கிறார். எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் ஒரு மில்லிவிநாடி எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த எண் நிஜமாகவே லேப் நேரத்தில் தெரியுமா, இல்லை காகிதத்தோடு சரியா? இன்னொன்றும் உண்டு: டூரிங் கார் நீளமான நேர்கோட்டின் முடிவில், பிரேக் பிடித்துத் திருப்பும்போது, எப்போதாவது ஒரு கணம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பக்கியும் குதித்து இறங்கும்போது சில சமயம் அப்படித்தான். ரேடியோ மாற்றினால் இது போகுமா?

கடைசிலேப்:
மாற்றுங்கள், யோசிக்காதீர்கள். டயர் தேயும், பேட்டரி வீங்கும், காரையே இரண்டு சீசனில் விற்றுவிடுவீர்கள், கையோடு நிற்கிற ஒரே பொருள் ரேடியோதான். மில்லிவிநாடி வெறும் காகிதம் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சாதாரண ரேடியோவில் ஏறத்தாழ 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் சர்வோவுக்கு (காரின் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) புதிய கட்டளை போகிறது. வேகமான பந்தய ரேடியோவில் 4 என்று வையுங்கள். வித்தியாசம் 16. மணிக்கு 54 கிலோமீட்டரில் போகிற கார் விநாடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது, அப்படியென்றால் அந்த 16 மில்லிவிநாடியில் 24 சென்டிமீட்டர். வளைவின் உள்விளிம்பைத் தொடுவதற்கும் ட்ராக் ஓரத்துக் கர்பில் ஏறிப் புரளுவதற்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடையாது.

ஓம்_விதி:
கணக்கு பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் பாதிதான் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் ரேடியோவின் வீலைத் திருப்பும் கணம் ஒவ்வொரு முறையும் ஃப்ரேம் (ஒரு கட்டளை போகும் சுற்று) தொடங்கிய உடனே விழுந்தால்தான் முழு 20 மில்லிவிநாடி காத்திருப்பு. அது எங்கே வேண்டுமானாலும் விழும், ஆக சராசரி அதில் பாதி. 10-க்கும் 2-க்கும் வித்தியாசம் 8, உங்கள் 24 சென்டிமீட்டர் இப்போது 12 ஆகிவிட்டது.

அடுத்தது, விளம்பர எண் எதை அளக்கிறது? வீல் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் பாட் (உரசி அளப்பது) அல்லது ஹால் சென்சாரை (காந்தத்தால் அளப்பது) ரேடியோ படிக்க ஒரு நேரம், கணக்குப் போட ஒரு நேரம், காற்றில் அனுப்ப ஒரு நேரம், காரில் உள்ள ரிசீவர் அதைப் பிரித்துப் பல்ஸாக்க ஒரு நேரம், பிறகு சர்வோ. இதில் ஏதாவது ஒரு துண்டை மட்டும் அளந்து பெட்டியில் அச்சடித்தால் அது பொய் இல்லை, ஆனால் முழுக் கதையும் இல்லை. ஸ்பெக்ட்ரம் தன் டிஎஸ்எம்ஆர் முறைக்குச் சொல்லும் 5.5 மில்லிவிநாடி ஃப்ரேம் இடைவெளி, அதை ஃப்ரேம் என்றே சொல்லவும் செய்கிறார்கள். வேறொரு பெட்டியில் 'ரெஸ்பான்ஸ்' என்று போட்டிருக்கும் எண்ணோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

கடைசியாக, நல்ல பந்தய சர்வோ 60 டிகிரி திரும்ப 0.08 விநாடி, அதாவது 80 மில்லிவிநாடி. நடுவிலிருந்து ஒரு பக்கம் முழுதாக 30 டிகிரி போனாலே 40. கண்ணில் பட்டு கை அசைவதற்கு மனிதனுக்கு 200 வாக்கில் ஆகிறது. இதற்கு நடுவில் 8 மில்லிவிநாடிக்காகக் கடன் வாங்குவதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசிலேப்:
பழமொழி இருக்கட்டும் ஓம்_விதி சார், கணக்கில் நீங்களும் வசதியான பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். முழு லாக், அதாவது சக்கரத்தை எல்லை வரை, எப்போது திருப்புகிறோம்? ஹேர்பின் வளைவில். மற்ற நேரமெல்லாம் வேகமான வளைவில் 3 டிகிரி, 5 டிகிரி என்று திருத்திக்கொண்டே இருப்பதுதான் ஓட்டுவது. உங்கள் சர்வோ எண்ணையே எடுத்துக்கொண்டால் 5 டிகிரிக்கு 7 மில்லிவிநாடிகூட ஆகாது. அங்கே 8 மில்லிவிநாடி தாமதம் என்பது சர்வோ எடுக்கும் நேரத்தைவிட அதிகம்!

200 மில்லிவிநாடி கதையும் அப்படித்தான். யாரும் வளைவைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திருப்புவதில்லை. ஐம்பது லேப் ஓட்டிய ட்ராக்கில் எங்கே திருப்ப வேண்டும் என்று கை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. முன்கூட்டித் திருப்புகிறவனுக்குத் தாமதம் பெரிதா சிறிதா என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே அளவு தாமதத்துக்குக் கை பழகிவிடும். ஒரு முறை 5, அடுத்த முறை 22 என்றால் எந்தக் கையும் பழகாது. விலை குறைந்த ரேடியோவில் எனக்கு எரிச்சல் தருவது அந்த ஏற்ற இறக்கம்தான்.

ஓம்_விதி:
ஏற்ற இறக்கம் பற்றிச் சொன்னது சரியான வாதம், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 5 டிகிரி 7 மில்லிவிநாடிக் கணக்கு செல்லாது. பெட்டியில் போடும் சர்வோ வேகம் பளு இல்லாமல், 60 டிகிரி முழுதும் திரும்ப அளந்தது. நின்ற நிலையிலிருந்து மோட்டார் வேகம் பிடிக்க வேண்டும், பற்சக்கரங்களின் இடைவெளி அடைய வேண்டும், டயர் தரையில் அழுத்திக்கொண்டிருக்கிறது. சிறிய அசைவுக்கு டிகிரிக் கணக்கில் கிடைப்பதைவிட நிஜத்தில் அதிகமாகவே ஆகும். அதோடு ஸ்டீயரிங் இணைப்பில் உள்ள பந்து மூட்டுகளை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். புதிய காரிலேயே கொஞ்சம் ஆட்டம் இருக்கும், நடு வரிசைக் கார்களில் கேட்கவே வேண்டாம்.

4096 படி துல்லியம் என்று ஒரு விளம்பரம் வருமே, அதுவும் இதே ரகம். சர்வோவின் முழு வீச்சு ஏறத்தாழ 1000 மைக்ரோவிநாடியிலிருந்து 2000 வரை. அதை 1024 படியாகப் பிரித்தாலே ஒரு படி ஒரு மைக்ரோவிநாடி. பல டிஜிட்டல் சர்வோக்களின் டெட்பேண்டே (சர்வோ கண்டுகொள்ளாமல் விடும் மாற்றம்) அந்த அளவு, சிலவற்றில் அதற்கு மேல். அதற்குக் கீழே எவ்வளவு நறுக்கி அனுப்பினாலும் சர்வோ அசையாது.

திறந்தநிரல்:
நடுவில் நுழைகிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஜப்பான் ரேடியோ, சீன ரேடியோ என்று இரண்டே பக்கமாகப் பேசுகிறீர்கள். மூன்றாவது வழி வந்து சில வருடம் ஆகிறது. ரேடியோமாஸ்டர் எம்டி12, அதில் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள், எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் இணைப்பு. இரண்டுமே திறந்த நிரல். வீல், டிரிகர் (வேகத்துக்கும் பிரேக்குக்கும் விரலால் இழுப்பது) இரண்டிலும் ஹால் சென்சார், பாட் மாதிரி உரசித் தேய எதுவும் இல்லை. 500 ஹெர்ட்ஸ் வரை பாக்கெட் வேகம், அதாவது 2 மில்லிவிநாடிக்கு ஒரு கட்டளை. ரிசீவர் எந்தக் கம்பெனியுடையது என்பது பிரச்சினையே இல்லை, பலரும் தயாரிக்கிறார்கள். மேல்தட்டு ரேடியோ வாங்கினால் அவர்கள் ரிசீவரைத்தான் ஆயுள் முழுக்க வாங்கியாக வேண்டும். சான்வாவில் எஃப்ஹெச்4, எஃப்ஹெச்5 என்று பேசும் மொழி மாறிக்கொண்டே வரும், ஃப்யூடாபாவில் எஸ்-எஃப்ஹெச்எஸ்எஸ், டி-எஃப்ஹெச்எஸ்எஸ், எஃப்-4ஜி. ஐந்து கார் வைத்திருப்பவர் ஒரு முறை ரிசீவர் செலவைக் கூட்டிப் பார்க்கட்டும்.

கடைசிலேப்:
500 ஹெர்ட்ஸ் என்று மார்தட்டுவதற்கு முன் ரிசீவரின் மறுமுனையைப் பாருங்கள் நண்பரே. அந்த வகையில் சர்வோவை நேராக மாட்டும் பிடபிள்யூஎம் ரிசீவர்கள் பெட்டியிலிருந்து வரும்போது ஒவ்வொரு பின்னிலும் 50 ஹெர்ட்ஸில்தான் பல்ஸ் கொடுக்கும். காற்றில் 2 மில்லிவிநாடி, கம்பியில் 20. அதை மாற்ற ரிசீவரின் வைஃபையில் நுழைந்து பின் பின்னாக அமைக்க வேண்டும். எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்? போன பந்தயத்தில் இதே 500 ஹெர்ட்ஸ் பெருமையோடு வந்தவரின் அமைப்பைத் திறந்து பார்த்தோம், 50-ல்தான் இருந்தது.

திறந்தநிரல்:
செய்யாதவர்கள் செய்யட்டும், 333 அல்லது 400 ஹெர்ட்ஸுக்கு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. அமைப்பை மாற்ற விடுகிறது என்பது குறையா? உங்கள் ரேடியோவில் மட்டும் என்ன, சர்வோ வேகத்தை மெனுவில் 'நார்மல்' என்று விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் இல்லையா?

ஓம்_விதி:
அதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறேன், புதியவர்கள் சர்வோவை எரித்துவிடக் கூடாது. சாதாரண பல்ஸின் நடு அளவு 1500 மைக்ரோவிநாடி, அதாவது பல்ஸ் ஒன்றே ஒன்றரை மில்லிவிநாடியை விழுங்கிவிடுகிறது. முழு லாக்கில் 2 மில்லிவிநாடி. ஆக எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாகப் போக முடியாது, இடமே இல்லை. அதனால்தான் சான்வாவின் எஸ்எஸ்ஆர், ஃப்யூடாபாவின் எஸ்ஆர் போன்ற முறைகள் வந்தன. அதற்கென்று தயாரான சர்வோ இருந்தால் மட்டுமே அவற்றைப் போட வேண்டும். பழைய அனலாக் சர்வோ 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. அதை வேகமான முறையில் மாட்டினால் நடுங்கும், சூடாகும், கொஞ்ச நேரத்தில் புகை. சர்வோ பெட்டியில் எந்த முறை என்று எழுதியிராவிட்டால் நார்மலிலேயே விடுங்கள்.

நைட்ரோப்புகை:
பிள்ளைகளே, ஒரு வாரமாக மில்லிவிநாடி, மில்லிவிநாடி என்று அடித்துக்கொள்கிறீர்கள். நான் 27 மெகாஹெர்ட்ஸ் காலத்து ஆள். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறக் கிரிஸ்டல், அலைவரிசைக்கு ஒரு நிறம், ஒரே ஹீட்டில் (தகுதிச் சுற்றில்) இரண்டு பேர் சிவப்பு வைத்திருந்தால் ஒருவர் மாற்ற வேண்டும். யாராவது பிட்டில் தெரியாமல் ரேடியோவை ஆன் செய்தால் ட்ராக்கில் இருப்பவனின் கார் சுவரைத் தேடிப் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து அலைவரிசையைத் தானே தாவித் தாவிப் பிடிக்கத் தொடங்கிய நாளோடு அந்தத் தலைவலி ஒழிந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த முன்னேற்றமும் அதில் கால்வாசி இல்லை.

நான் 1/8 நைட்ரோ ஓட்டுகிறேன். எனக்கு ரேடியோ என்றால் முதலில் ஃபெயில்சேஃப். சிக்னல் போனால் திராட்டில் சர்வோ பிரேக் பக்கம் போக வேண்டும். மின்சாரக் காரில் நியூட்ரல் போதும், எஞ்சின் காரில் நியூட்ரல் என்றால் உருண்டுகொண்டே போய் யார் காலையாவது பதம் பார்க்கும். சக்கரம் தரையில் படாமல் காரைத் தூக்கி வைத்து ரேடியோவை ஆஃப் செய்து பாருங்கள், பிரேக் விழுந்தால் சரி. ரேடியோவையும் ரிசீவரையும் மறுபடி இணைத்தால் (பைண்ட்) மறுபடி பாருங்கள். எப்போதும் ரேடியோவை முதலில் ஆன் செய்து கடைசியில் ஆஃப் செய்யுங்கள்.

பலர் மறக்கிற விஷயம் வேறு. ஃபெயில்சேஃபை நிறைவேற்றுவது ரிசீவர். ரிசீவர் பேட்டரியே தீர்ந்துவிட்டால்? சர்வோ இருந்த இடத்தில் அப்படியே நிற்கும், திராட்டில் திறந்திருந்தால் திறந்தபடி. அதற்காகத்தான் கார்புரேட்டர் இணைப்பில் ஒரு ஸ்பிரிங் போடுவது. எம்17 வாங்கியவன் அந்தச் சின்ன ஸ்பிரிங்கைப் போடாமல் வருவதைப் பார்க்கும்போது எனக்கு இரத்தம் கொதிக்கும்.

புதுச்சக்கரம்:
அண்ணா, நான் எஞ்சின் கார் பக்கம் வரவில்லை, ஆனால் படித்ததும் பயமாக இருக்கிறது. என் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு யாரும் வரவில்லையே, கார் பேச்சுக் கேட்காத விஷயம்?

ஓம்_விதி:
அதற்கு வருகிறேன். பிரேக் பிடித்துக்கொண்டே திருப்பும்போது, பக்கி குதித்து இறங்கும்போது. இரண்டிலும் பொது என்ன? ஸ்டீயரிங் சர்வோ பளுவோடு மல்லுக்கட்டும் கணம். பலமான டிஜிட்டல் சர்வோ மல்லுக்கட்டும்போது சில ஆம்பியர் இழுக்கும். உங்கள் இஎஸ்சி-யின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பெக், அதாவது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி, 6 வோல்ட் 3 ஆம்பியர் ரகமாக இருந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், ரிசீவர் மயங்கி விழுந்து எழும். கையில் ரேடியோ பிடித்திருப்பவருக்கு அது சிக்னல் போன மாதிரியே இருக்கும். பாதிப் பேர் இதைத்தான் 'ரேடியோ கிளிட்ச்' என்று சொல்லிப் புது ரேடியோ வாங்குகிறார்கள்.

ஓட்டி முடித்து காரை எடுத்ததும் ரிசீவர் விளக்கைப் பாருங்கள். சில ரிசீவர்கள் நடுவில் மின்சாரம் போய் வந்திருந்தால் மினுக்கிக் காட்டும். ரிசீவரில் காலியான சானலில் மின்னழுத்தம் சரியும் கணத்துக்கு ஈடுகொடுக்க ஒரு கெபாசிட்டர் மாட்டிப் பாருங்கள், இதற்கென்றே விற்கிறார்கள், 16 வோல்ட் வகையாக இருக்கட்டும், பிளஸ் மைனஸ் மாற வேண்டாம். அப்புறம் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் அளவு, அதில் கால்வாசி, கம்பியின் நுனியில் தோல் உரித்த மாதிரி இருக்கும் அந்த 31 மில்லிமீட்டர்தான் நிஜ ஆன்டெனா. மிச்சமெல்லாம் அதை வெளியே கொண்டுபோகிற கம்பி. அந்த நுனி காரின் கார்பன் தளத்தை ஒட்டிப் படுத்திருந்தாலோ மோட்டார் கம்பியோடு சுற்றியிருந்தாலோ எந்த ரேடியோவும் திணறும். குழாயில் விட்டு நிமிர்த்தி வையுங்கள். அழகுக்காக வெட்டாதீர்கள்.

கடைசிலேப்:
இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டெலிமெட்ரி (காரிலிருந்து ரேடியோவுக்குத் தகவல் திரும்பி வருவது) உள்ள ரேடியோவாக இருந்திருந்தால், ரிசீவர் மின்னழுத்தம் எவ்வளவு சரிந்தது என்று அவர் திரையிலேயே பார்த்திருப்பார், நாம் இப்படி ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நைட்ரோப்புகை:
டெலிமெட்ரியை நானும் குறை சொல்லமாட்டேன். எஞ்சின் தலையின் வெப்பம் 100-லிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறதா என்று பிட்டுக்குக் கூப்பிடாமலே தெரிகிறது. ஆனால் ஓடும்போது திரையைப் பார்க்கிறவன் வளைவைப் பார்க்கவில்லை, அலாரம் அடித்தால் போதும்.

குச்சிக்காரன்:
எல்லோரும் துப்பாக்கி வடிவ ரேடியோ பற்றியே பேசுகிறீர்கள். இரண்டு குச்சி உள்ள ரேடியோவில் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறோம் என்று ஞாபகப்படுத்தத்தான் வந்தேன். கட்டைவிரல் அசைவில் வலமிருந்து இடம் முழு லாக், வீல் சுற்றிக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிடும். பழகிய பிறகு வேறு எதுவும் பிடிக்காது. சான்வா, கேஓ ப்ரோபோ இரண்டும் குச்சி ரேடியோ செய்திருக்கிறார்கள், ஆனால் புது மாடல் வருவது அபூர்வம். அவ்வளவுதான், தொடருங்கள்.

கடைசிலேப்:
குச்சிக்காரர் சொன்னதில் என் அடுத்த வாதம் இருக்கிறது. சரி, மில்லிவிநாடியை மூட்டை கட்டுவோம். மேல்தட்டு ரேடியோவை ஏன் வாங்குகிறோம் என்றால் கைக்கு. வீலின் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், டிரிகரையும் அப்படியே. வீலைக் கீழே இறக்கலாம், சாய்வை மாற்றலாம், இடது கைக்காரருக்கு மறுபக்கம் மாற்றலாம். பேட்டரி போட்ட பிறகு எடை கைக்குள் விழுகிறதா, மணிக்கட்டை முன்னால் இழுக்கிறதா என்பது பத்து நிமிட இறுதிப் பந்தயத்தில் எட்டாவது நிமிடத்தில் தெரியும். பெட்டி ரேடியோவில் டிரிகர் ஒரு மாதிரி பொம்மைத்தனமாக, நடுவில் ஒரு குழியோடு இருக்கும். பிரேக்கைக் கொஞ்சமாகப் பிடிக்க முடியாது, ஒன்று இல்லை, இல்லையென்றால் முழுதும்.

ஓம்_விதி:
அதற்கு மேல்தட்டு வேண்டியதில்லையே. சான்வா எம்டி-44, ஃப்யூடாபா 4பிஎம் இரண்டும் நடுத்தட்டு, நாலு ஏஏ பேட்டரியில் ஓடும், பந்தயத்துக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. எம்17 தருவது அதற்கு மேல் வண்ணத் திரையும் இன்னும் கொஞ்சம் வசதியும். அந்த 'இன்னும் கொஞ்சத்துக்கு' இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம்.

கடைசிலேப்:
வண்ணத் திரைக்கு யாரும் கொடுப்பதில்லை. எம்17-இல் டிரிகரின் அசைவு வேறு ரகம், பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஓம்_விதி:
பிடித்துப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மடங்கு நன்றாக இல்லை.

நைட்ரோப்புகை:
வசதிகளைப் பற்றி யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் தம்பி. மெனுவில் நூறு இருக்கும், நீ தினமும் தொடப்போவது நாலைந்து. இபிஏ, சர்வோ இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை. அதை முதலில் சரியாக வை, சக்கரத்தைத் தாங்கும் ஸ்டீயரிங் நக்கிள் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டிருந்தால் சர்வோவும் சாகும், பெக்கும் சாகும். டூயல் ரேட், ட்ராக்கில் பிடிப்பு ஏறும்போது ஸ்டீயரிங்கை ஓடிக்கொண்டே குறைக்க. பிரேக் அளவு, இதுவும் ஓடும்போதே விரலுக்கு எட்டுகிற பட்டனில் இருக்க வேண்டும். எக்ஸ்போ, நடுவில் மென்மையாக்க. ஆனால் அதிகம் போட்டால் கை நடுவில் சோம்பேறியாகி, ஓரத்தில் திடீரென்று கார் வெட்டும். ஸ்டீயரிங் ஸ்பீட் என்று ஒன்று உண்டு, சர்வோவை வேண்டுமென்றே மெதுவாக்குவது. வேடிக்கையைப் பார், வேகமான ரேடியோவும் வேகமான சர்வோவும் வாங்கியவன் மேடு பள்ளமான ட்ராக்கில் கார் பதற்றமாக இருக்கிறது என்று அதைப் போட்டு மெதுவாக்கிக்கொள்கிறான்.

எஞ்சின் காரில் ஏபிஎஸ் பிரேக் கொஞ்சம் உதவும், விட்டு விட்டுப் பிடிக்கும். ஐடில்-அப், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அணையாமல் இருக்க. மின்சாரக் காரில் இந்த இரண்டும் உனக்குத் தேவையில்லை.

திறந்தநிரல்:
எட்ஜ்டிஎக்ஸில் இதெல்லாம் மட்டுமல்ல, நீங்கள் நினைக்கிற எந்தக் கலவையையும் செய்யலாம். பிரேக் அழுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங் வீச்சைக் குறை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். பேட்டரி குறைந்தால் குரலில் சொல்லும்.

கடைசிலேப்:
சொல்லும். அதே ரேடியோவில் தவறான மாடல் நினைவகம் (வேறு காருக்குச் சேமித்த அமைப்பு) தேர்ந்திருந்தாலும் குரலில் சொல்லுமா? பிட்டில் இரண்டு நிமிடம் இருக்கும்போது சப்-ட்ரிம் (சர்வோவின் நடு நிலையைத் திருத்துவது) எந்த மெனுவுக்குள் எந்த மெனுவில் என்று தேடுகிற ஆளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் உதவலாம் என்றால் அவருக்கும் தெரியாது. கிளப்பில் பத்துப் பேர் ஒரே ரேடியோ வைத்திருப்பதில் உள்ள லாபம் எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

திறந்தநிரல்:
மாடலைத் தேர்ந்ததும் அதன் பெயரையே சத்தமாகச் சொல்ல வைக்கலாம், செய்து வைத்திருக்கிறேன். மாடல் மேட்ச் ஆன் செய்திருந்தால் தவறான மாடலில் கார் அசையவே அசையாது. உங்கள் பத்துப் பேரின் பழக்கத்துக்கு எதிராக நான் வாதாட முடியாது, அது வேறு.

ஓம்_விதி:
நீங்கள் முன்பு 2 மில்லிவிநாடி என்றீர்கள், அந்த இணைப்பில் முதல் நான்கு சானலும் வழக்கமான அமைப்பில் 10 பிட், அதாவது 1024 படி. நான் குறையாகச் சொல்லவில்லை, மேலே சொன்னபடி அதுவே போதும். 4096 வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதில் ஓட்டிவிட்டு வித்தியாசம் தெரிகிறதா என்று சொல்லட்டும்.

புதுச்சக்கரம்:
ஒரு சந்தேகம். ரிசீவரிலேயே ஜைரோ (கார் வழுக்குவதை உணர்ந்து ஸ்டீயரிங்கைத் தானே திருத்துவது) உள்ள ரேடியோ ஒன்றைக் கடையில் காட்டினார்கள், கார் வால் வீசுவதே இல்லையாம். அதை வாங்கினால் இந்த விவாதமே தேவையில்லை என்கிறார்.

கடைசிலேப்:
பந்தயத்துக்கென்றால் வாங்காதீர்கள். பெரும்பாலான பந்தய விதிகளில் ஜைரோவும் டிராக்ஷன் கன்ட்ரோலும் தடை. ட்ரிஃப்ட் கார் வேறு கதை, பின்சக்கர இயக்க ட்ரிஃப்டில் ஜைரோ இல்லாமல் ஓட்டுவதே பெரும்பாடு. உங்கள் ரேடியோவில் ஜைரோ இருந்து அதை அணைத்துவிட்டேன் என்றாலும், பரிசோதகரிடம் நிரூபிப்பது உங்கள் பாடு.

ஓம்_விதி:
இதில் மட்டும் முழு உடன்பாடு.

புதுச்சக்கரம்:
ஒரு செய்தி. டூரிங் காரில் கெபாசிட்டர் மாட்டி, ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்து ஓட்டினேன், நேர்கோட்டு முடிவில் அந்தத் தடுமாற்றம் வரவில்லை. எது காரணம் என்று தெரியாது, இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டேன். பக்கியில் இன்னும் இருக்கிறது, இறங்கும்போது மட்டும்.

ஓம்_விதி:
பக்கியில் சர்வோ சேவரை (அடி சர்வோவுக்குப் போகாமல் தாங்கும் ஸ்பிரிங் பாகம்) பாருங்கள், அது தளர்ந்திருந்தால் இறங்கும் அடியில் சக்கரம் தானே திரும்பும், ரேடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரிசீவர் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசிலேப்:
ஆக இப்போது ரேடியோ வாங்கப் போவதில்லையா?

புதுச்சக்கரம்:
வாங்கப் போகிறேன். நடுத்தட்டில் ஒன்று, 4பிஎம் அல்லது எம்டி-44, மிச்சக் காசில் இரண்டு காருக்கும் ஒரே வகை சர்வோ. நீங்கள் டிரிகரைப் பற்றிச் சொன்னது மனதில் இருப்பதால் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு.

கடைசிலேப்:
பிடித்துப் பார்க்கும்போது உள்ளே பேட்டரி போடச் சொல்லுங்கள், காலி ரேடியோ எல்லாமே லேசாகத்தான் இருக்கும். அப்படியே பக்கத்தில் ஒரு எம்17 இருந்தால் அதையும் ஒரு நிமிடம் பிடித்துவிடுங்கள்.

ஓம்_விதி:
பிடிக்காதீர்கள்.

நைட்ரோப்புகை:
எதை வாங்கினாலும் பைண்ட் செய்த கையோடு ஃபெயில்சேஃப் பார்த்துவிடு தம்பி. மின்சாரக் காருக்கு நியூட்ரல்.